மருந்தும் ஏடும் ஈந்த அண்டிரிக் அடிகளார்

இல்லறத்தார் இயற்ற வேண்டிய அறங்களுள் தானத்தைத் தலையாயதாக வைத்துப் போற்றுவது சமண நெறி. ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என அதனை நான்காக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பயனையும் ஆன்றோர் உரைத்துள்ளனர். பசித்தார்க்கு உணவும், பிணியுற்றார்க்கு மருந்தும், அறியாதார்க்கு நூலும், அஞ்சினார்க்கு அடைக்கலமும் ஈதல் என இதனை எளிமையாகச் சொல்லலாம். நோயுற்ற துறவியர்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியம், அகத்தவம் ஆறனுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நோயாளியின் அருகிருந்து பணி செய்தலைத் தவத்தின் வரிசையிலேயே சேர்த்தெண்ணிய மரபு இது.

தமிழ்ச் சமணப் புலவர்களும் இவ்வெண்ணத்தைத் தம் நூற்பெயரிலேயே பதித்துச் சென்றனர். காரியாசான் தம் நூலுக்கு ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கணிமேதாவியார் ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் கூடிய மருந்தின் பெயரால் ஏலாதி என்று பெயரிட்டார். வடமொழியில் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை யாத்த உக்கிராதித்தர், ஊனும் மதுவும் இன்றியே மருத்துவம் செய்தல் கூடும் என்று நிறுவினார். உடற்பிணியையும் உயிர்ப்பிணியையும் ஒருங்கே கருதிய சான்றோர் அவர்கள்.

இத்தகைய மரபில் வந்தோர், ஏறத்தாழ நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறையில் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை எழுப்பிய பிற சமயத்துப் பெரியார் ஒருவரின் வாழ்வை அறிந்துகொள்வது பொருத்தமுடையதே. அவர் போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, தமிழ் கற்று, தமிழ்க் கடற்கரையிலேயே மறைந்த என்றீக்கே என்றீக்கஸ். தமிழ் மக்கள் நாவில் அவர் அண்டிரிக் அடிகளார் ஆனார்.

முத்தும் உடம்பும்

தாமிரவருணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் புன்னைக்காயல். சங்க காலத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆற்று மணல் படிந்து கடல் விலகியதால் உள்நாட்டு ஊராயிற்று. அதன்பின் பழையகாயல் செழித்தது. அதுவும் மேடுற்றபின் புன்னைக்காயல் எழுந்தது. பின்னாளில் தூத்துக்குடி தலையெடுத்தது. துறைகள் மாறினும் தொழில் மாறவில்லை. கடலடியில் பார் எனப்படும் சிப்பிப் படுகைகளில் மூழ்கி முத்துச்சிப்பி எடுத்து வருவதே இக்கரையின் பெருந்தொழிலாய் இருந்தது.

முத்தின் ஒளியைப் பாடியோர் பலர். முத்தெடுத்த உடம்பின் வலியை எண்ணியோர் சிலரே. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒருவன் கடலின் அடிமட்டம் வரை இறங்குவான். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவர் அவனை இழுத்தெடுப்பார். ஒரு நாளில் பன்முறை இவ்வாறு இறங்கவேண்டும். நீரின் அழுத்தத்தால் காது வலிக்கும். மூக்கிலும் காதிலும் குருதி வடியும். சுறாமீனின் அச்சம் வேறு. கரையில் குவித்த சிப்பிகளை அழுகவிட்டே முத்தைப் பிரித்தெடுப்பர். அந்நாற்றத்திலும் ஈக்கூட்டத்திலும் சலாபத்திற்குக் கூடிய மக்கள் வாரக்கணக்கில் தங்குவர். கூட்டம் மிகுந்த இடத்தில் கழிச்சலும் காய்ச்சலும் பரவுதற்குத் தடையேது?

கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட செங்கடற் செலவு நூல், பாண்டி நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தனர் என்று குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலோரம் வந்த மார்க்கோ போலோ, பிடித்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டதை எழுதிவைத்தார். மூழ்குவோரின் உயிர்க் காவலுக்கெனப் பொதுவில் ஒரு பங்கை ஒதுக்கும் வழக்கம் இக்கரையில் முன்பே இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆயின் அப்பங்கு மூழ்குமுன் செய்யும் காவலுக்கே சென்றது. மூழ்கி எழுந்து நோயுற்றுக் கிடப்பவனுக்கு வந்து சேரவில்லை.

தமிழகத்தில் மருத்துவச் சாலைகள் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அதில் பணிபுரிந்த மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோர்க்கு அளிக்கப்பட்ட ஊதியத்தையும் அது விரிவாகக் கூறுகிறது. எனினும் அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்கும் உரியதாய் இருந்தது. கடற்கரை மணலில் குடிசை கட்டி வாழ்ந்தவர்க்கு அத்தகைய சாலை எட்டாத் தொலைவு.

பிறப்பால் விலக்கப்பட்டவர்

அண்டிரிக் அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர் முன்னோர் யூதர்; பின்னர் கிறித்தவம் தழுவியவர். அக்காலத்துப் போர்த்துக்கல்லில் இத்தகைய குடும்பத்தாரைப் புதுக்கிறித்தவர் எனப் பிரித்துக் காட்டி ஐயத்தோடு நோக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. இளமையில் துறவு நாடிப் பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்த அவர், யூத வழிவந்தவர் என்பதனால் அச்சபையை விட்டு நீங்க நேர்ந்தது. கல்வியோ ஒழுக்கமோ குறைந்தவர் என்று எவரும் சொல்லவில்லை. குருதியே அவர் செய்த குற்றமாயிற்று.

அவர் மனம் தளரவில்லை. கொயிம்பிரா நகரில் திருச்சபைச் சட்டம் பயின்றார். அப்போது புதிதாய்த் தோன்றியிருந்த இயேசு சபை 1545இல் அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். பிரான்சிஸ் சவேரியார் அவரை 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். உடல்நலம் குன்றியவர் என்று அறியப்பட்ட அவ்விளைஞர், அக்கடற்கரையின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பது வியப்புக்குரியது.

அவர் வந்த காலம் அமைதியான காலமும் அன்று. முத்துக்குளித்துறையின் பரதவர் அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவியிருந்தனர். முத்தின் வருவாய்க்காக அரசர்களும் வணிகர்களும் அயல்நாட்டாரும் ஓயாது மோதிக்கொண்டிருந்தனர். 1549இல் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் நிகழ்ந்த மோதலில் அத்துறையின் பணித்தலைவர் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவர் விட்ட பொறுப்பு அண்டிரிக் அடிகளாரின் தோளில் ஏறியது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மொழியே முதல் மருந்து

அக்காலத்தில் இக்கரைக்கு வந்த ஐரோப்பியர் பலரும் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தனர். ஒருவர் சொல்வது மற்றொருவர் வாய்வழி மாறித்தான் மக்களைச் சேர்ந்தது. மக்கள் சொல்வதும் அவ்வாறே. அண்டிரிக் அடிகளார் இம்முறையில் நிறைவு காணவில்லை. இலத்தீன் இலக்கணம் பயின்ற மனத்தோடு தமிழை அணுகினார். பெயர்கள் வேற்றுமை ஏற்கும் வகையையும், வினைகள் காலமும் இடமும் காட்டி விகற்பிக்கும் வகையையும் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டார். இரவும் பகலும் உழைத்துச் சில மாதங்களிலேயே பேசும் ஆற்றல் பெற்றார். மொழிபெயர்ப்பாளர் துணையை நீக்கினார்.

அவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிசுபன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் அதுவே என்பர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நூல்வரிசையில் வெளிவந்தது. தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் செந்தமிழைக் கூறாமல், கடற்கரை மக்கள் நாள்தோறும் பேசிய தமிழையே அது பதிவு செய்திருப்பது அதன் தனிச்சிறப்பு.

மொழி கற்றதற்கும் மருத்துவப் பணிக்கும் நெருங்கிய உறவு உண்டு. நோயாளி தன் நோவைத் தன் சொல்லால்தான் உரைப்பான். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன உண்டான், எதற்கு அஞ்சுகிறான் என்பவற்றை இடையில் நிற்கும் ஒருவர் சுருக்கிச் சொன்னால் பாதி உண்மை கடலோடு போய்விடும். வாயிற்கதவு திறந்திருந்தாலும் உள்ளிருப்போர் பேசும் மொழி புரியாவிட்டால் ஏழைக்கு அது மூடிய கதவே. அக்கதவைத் தமிழால் முதலில் திறந்தார் அடிகளார்.

புன்னைக்காயல் மருத்துவமனை

அப்பொழுது போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் அரச மருத்துவமனை ஒன்று புகழ்பெற்று விளங்கியது. நீண்ட கடற்பயணத்தில் நோயுற்று வந்த போர்த்துக்கீசியப் படைவீரர்க்கென ஏற்பட்டது அது. மண்ணின் மக்களுக்கு அங்கே இடமில்லை; அவர்களுக்கு வேறிடம் தேடவேண்டியிருந்தது. யார் உடம்புக்கு எவ்வளவு விலை என்னும் கணக்கு மருத்துவமனை வாயிலிலேயே எழுதப்பட்டிருந்த காலம்.

அத்தகைய காலத்தில், 1550ஆம் ஆண்டை ஒட்டி, அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கென மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தினார். அது கரையில் வாழ்ந்த தமிழ் மக்களுக்கென அவர்கள் ஊரிலேயே எழுந்தது. கவனிப்பார் அற்றவர்க்கு அது தங்குமிடமும் உணவும் மருந்தும் பணிவிடையும் தந்தது. அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களில் இம்மருத்துவமனையைப் பற்றிய செய்தி இடம்பெற்றது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது அதன் செலவுக்கு அவர் கண்ட வழி. அரசனின் கருவூலத்தை மட்டும் நம்பியிருந்தால், கப்பல் வராத ஆண்டில் மருந்தும் வராது. ஒரு செல்வரை மட்டும் நம்பியிருந்தால், அவர் மனம் மாறிய நாளில் அடுப்பு அணையும். ஊர் மக்கள் தாமே தந்த பொருளையும், ஒழுங்கு மீறியோரிடமிருந்து தண்டமாகப் பெற்ற பணத்தையும் மருத்துவமனைக்கு உரியதாக்கினார் அடிகளார். குற்றத்திற்குப் பெற்ற தண்டம் நோயாளியின் கஞ்சியாக மாறியது. கடலில் இறங்கும் முன் செய்யும் காவலுக்குப் பங்கு ஒதுக்கிய அதே கரையின் மக்கள், கரையேறியபின் வரும் நோய்க்கும் பங்கு ஒதுக்கக் கற்றனர்.

பின்னாளில் பொதுமக்களைக் கொண்ட அன்புப்பணிக் குழு ஒன்றையும் அவர் புன்னைக்காயலில் அமைத்தார். தம் ஒழுக்கத்தைக் காத்துக்கொள்வதோடு ஏழைகட்கும் நோயாளிகட்கும் உதவுதல் அக்குழுவினரின் கடமையாய் இருந்தது. மருத்துவமனை என்பது கட்டடத்தோடு முடிவதில்லை. நாள்தோறும் வந்து பணி செய்யும் கைகள் அதற்கு வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

போர் அக்கரையை விட்டு விலகவில்லை. 1560இல் போர்த்துக்கீசியர் தம் தலைமையிடத்தைப் புன்னைக்காயலிலிருந்து மன்னாருக்கு மாற்றினர். மக்களிலும் ஒரு பகுதியினர் இடம்பெயர்ந்தனர். ஆட்சியாளர் வந்தனர், போயினர். அடிகளார் மட்டும் இக்கரை மக்களோடே தங்கினார்.

மருந்தின் பின் ஏடு

மருத்துவமனைக்கு அடுத்து அவர் ஈந்தது அச்சு நூல். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூல்தான் இந்திய மொழி ஒன்றில், அம்மொழிக்குரிய எழுத்திலேயே, இந்தியாவில் அச்சான முதல் நூல் எனப்படுகிறது. அதன் படி இன்று ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்படுகிறது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. 1586இல் அடியார் வரலாறு என்னும் பெருநூல் வெளிவந்தது. தமிழ் அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் தம் பொருளை மனமுவந்து வழங்கினர். கடலடியில் மூச்சடக்கித் தேடிய பொருள் தமிழ் எழுத்தாய் உருப்பெற்றது. நெடுங்காலம் மறைந்துகிடந்த அடியார் வரலாற்றின் படியை, இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

முதுமையிலும் கரையை விட்டு அவர் அகலவில்லை. 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த நாட்டில் பிறப்பால் விலக்கப்பட்டவரைத் தமிழ்க் கடற்கரை தன் மணலில் சேர்த்துக்கொண்டது.

சமண நோக்கில்

அண்டிரிக் அடிகளார் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர். அவர் எழுதிய நூல்கள் அனைத்தும் அந்நோக்கத்தின, அதனை மறைக்கவேண்டுவதில்லை. ஒரு பொருளைப் பல கோணங்களில் நின்று காண்க எனக் கற்பிக்கும் அநேகாந்த நெறி, கொள்கையில் வேறுபட்ட ஒருவரின் தொண்டை அதற்குரிய கோணத்தில் கண்டு மதிக்கவும் கற்பிக்கிறது. அக்கோணத்தில் நோக்கின் அவர் வாழ்வில் நால்வகைத் தானமும் நிழலாடக் காணலாம். நோயுற்ற ஏழைக்கு உணவும் மருந்தும் இருப்பிடமும் தந்தார்; எழுத்தறியும் வழியாக நூலைத் தந்தார்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. முத்தெடுத்தல், மீன்பிடித்தல் ஆகிய தொழில்கள் உயிர்க்கு இடர் செய்வன. சமண இல்லறத்தார் அவற்றை விலக்கி, உழவும் கல்வியும் வணிகமுமாய் வாழ்ந்து வந்தோர். ஆயின் தொழிலை விலக்குவது வேறு; தொழிலாளியின் நோயை விலக்கி வைப்பது வேறு. கடலில் வாழும் சிப்பிக்கு இரங்கும் நெஞ்சம், அச்சிப்பிக்காகக் காதில் குருதி வடிய எழுந்துவரும் மனிதனுக்கு இரங்காதிருப்பின் அவ்விரக்கம் முழுமை பெற்றதாகாது. மருந்து கேட்டு நிற்பவனிடம் அவன் தொழிலையும் குலத்தையும் சமயத்தையும் கேளாமல் ஈவதே ஔஷத தானம்.

இம்மாவட்டத்தின் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களைப் படித்தால், பல ஊரிலிருந்து வந்த குரவரும் குரத்தியரும் மாணாக்கரும் எளிய மக்களும் ஆளுக்கொரு திருவுருவமாகச் செய்வித்தது தெரியவரும். ஒருவர் முழு மலையையும் செதுக்கவில்லை. பலர் கூடிச் சிறிது சிறிதாய்ச் செய்த அறம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்து நிற்கிறது. புன்னைக்காயல் மருத்துவமனையைத் தாங்கியதும் இதே வழிதான்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முத்து போயிற்று, உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவரும், துறைமுகத்தில் சுமை தூக்குபவரும், ஆழ்கடலுக்குச் செல்பவரும் இன்றும் உள்ளனர். மருத்துவமனைகள் பெருகியுள்ளன. எனினும் எளியவர்க்கு மருத்துவம் கிட்ட வேண்டுமானால், அண்டிரிக் அடிகளார் அன்று கண்ட மூன்றும் இன்றும் வேண்டும்: நோயாளி நடந்து சேரும் தொலைவில் ஓரிடம், நோயாளி பேசும் மொழியிலேயே ஒரு சொல், ஒரு நாள் உணர்ச்சியில் அள்ளித் தந்து மறவாமல், ஆண்டு முழுதும் ஊரார் சேர்த்துத் தரும் சிறுபொருள்.

திருவிழா நாளில் பூசை முடித்து உண்டியலில் காணிக்கை இடும்பொழுது, அதில் ஒரு பங்கை மருந்துக்கென்று ஒதுக்கிவைக்கும் குடும்பம், காரியாசானும் கணிமேதாவியாரும் தம் நூலுக்கு மருந்தின் பெயர் வைத்த கருத்தை உண்மையாகவே உணர்ந்த குடும்பமாகும். அறம் பெருகுக, பிணி நீங்குக.